தாத்தா வைத்துவிட்டுப் போன கைத்துப்பாக்கி: "இது சுடுமா?" என்று கேட்பவருக்கு

ராயபுரம் கல்மண்டபத்துக்குப் பக்கத்தில் இருந்த மாமா வீட்டை இடித்துக் கட்டக் கொடுப்பதற்காகக் காலி செய்துகொண்டிருந்தோம். பரணில் இருந்து இறக்கிய டிரங்குப் பெட்டியில், அத்தையின் கூறைப்புடவைக்கு அடியில், மஞ்சள் துணியில் சுற்றி ஒரு கைத்துப்பாக்கி இருந்தது. ஒரு சாணுக்குக் கொஞ்சம் அதிக நீளம். எட்டுப் பட்டைக் குழல், வளைந்த மரப்பிடி, குழலுக்கு அடியில், மருந்தையும் குண்டையும் உள்ளே திணிக்கிற திணிகோல் ஒன்று. எங்கள் தாத்தா மூர் மார்க்கெட்டில் அலங்காரத்துக்கென்று வாங்கியதாம். மார்க்கெட்டே 1985-இல் எரிந்துபோயிற்று. யாரிடம் வாங்கினார், என்ன விலை என்றெல்லாம் இனிக் கேட்க ஆளில்லை.

மச்சான் மகன் அதை எடுத்துச் சுவர்க் கடிகாரத்தைக் குறிபார்த்தபடி கேட்டான்: "மாமா, இது சுடுமா?"

நான் பெரம்பூர் லோகோ ஒர்க்ஸில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவன். துப்பாக்கிக்காரன் இல்லை. ஆனால் உரிமம் வாங்கித் துப்பாக்கி பழுதுபார்க்கும் ஒரு பெரியவரிடம் பல ஞாயிற்றுக்கிழமைகள் டீ குடித்தபடி உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். அவரை நாங்கள் பாய் என்றுதான் கூப்பிடுவோம். அவரிடம் கற்றதையும், அன்று கல்மண்டபத்தில் நடந்ததையும் வைத்து இதை எழுதுகிறேன். உங்கள் வீட்டுப் பரணிலும் இப்படி ஒன்று கிடக்கலாம்.

முதலில், அதன் வாய் யாரையும் பார்க்கக் கூடாது. விரல் விசைக்குப் பக்கத்தில் போகக் கூடாது. சொல்வது சுலபம். வடசென்னை வீட்டில் எந்தப் பக்கம் திருப்பினாலும் அந்தப் பக்கம் ஒரு குடும்பம் இருக்கும். ஒற்றைச் செங்கல் சுவருக்கு அப்பால் பக்கத்து வீட்டுக்காரர் சாப்பிட்டுக்கொண்டிருப்பார். மேலே மாடி போர்ஷன். எங்கள் நல்ல நேரம், கிணற்றடியில் கட்டட வேலைக்கு இறக்கிய எம்-சாண்ட் மூட்டைகள் அடுக்கியிருந்தன. பையனிடமிருந்து வாங்கி, வாய் மூட்டைகளைப் பார்க்க ஒரு கோணிப்பையின் மேல் கிடத்தினேன். அத்தை, குழந்தைகள், தட்டுமுட்டுச் சாமான் ஏற்ற வந்தவர்கள் எல்லோரும் தெருவுக்குப் போனார்கள்.

அடுத்து, குதிரை விழும் இடத்தைப் பாருங்கள். குதிரை என்றால் பின்னால் இழுத்துவிட்டால் வந்து அடிக்கிற அந்தச் சுத்தியல் பாகம். எங்களுடையது கேப் வைத்துச் சுடுகிற வகை. குதிரை விழும் இடத்தில் நிப்பிள் என்ற ஒரு சின்னக் கூம்பு இருக்கும். அதன் தலையில் செம்புத் தொப்பி ஒன்றைச் செருகுவார்கள். தீபாவளிக்குப் பிள்ளைகள் அடிக்கிற பொட்டு கேப்புக்கு இது அண்ணன். அடி விழுந்ததும் இதில் எழும் நெருப்பு, கூம்பின் ஓட்டை வழியாக உள்ளே இருக்கும் வெடிமருந்துக்குப் போகும். அந்தத் தொப்பி கூம்பில் பச்சைக் களிம்போடு ஒட்டிக்கொண்டிருந்தால், அதோடு நிறுத்துங்கள். ஸ்க்ரூ டிரைவரால் நெம்ப வேண்டாம், எண்ணெய் விட்டு ஊற வைக்க வேண்டாம். அப்படியே விட்டுவிட்டுப் போன் செய்யுங்கள். யாருக்கு என்று பின்னால் சொல்கிறேன். எங்களுடையதில் கூம்பு வெறுமையாக இருந்தது. கேப்புக்குப் பதில் சக்கிமுக்கிக் கல் வைத்த இன்னும் பழைய வகையானால், குழலின் பக்கவாட்டில் ஒரு ஊசித்துளையும் அதற்கு வெளியே மருந்து போடும் சின்னக் கிண்ணமும் இருக்கும்.

தோட்டா போடுகிற ரிவால்வர் என்றால் திறந்தாலே தெரிந்துவிடும். துருப்பிடித்துத் திறக்க மறுத்தால் வலுக்கட்டாயம் செய்யாதீர்கள். மேகசின், அதாவது தோட்டா அடுக்கும் பெட்டி, வைத்த பிஸ்டலில், அதை உருவிய பிறகும் குழலுக்குள் ஒரு தோட்டா மிச்சம் இருக்கலாம். வீட்டில் நடக்கிற விபத்துகளில் 'காலி' என்று நம்பிய துப்பாக்கிகளுக்குப் பெரிய பங்கு உண்டு என்பார் பாய்.

வாய் வழியாக மருந்து திணிக்கும் பழைய வகையில் திறந்து பார்க்க வழியே கிடையாது. அதனால் குச்சிதான். திணிகோலாலேயே பார்க்கலாம் என்பார்கள், ஆனால் எங்களுடையது வளைந்து இறுகியிருந்தது. பையனின் காற்றாடிச் சாமான்களில் இருந்து நடுக்கம்புக்கு வைத்திருந்த மூங்கில் குச்சி ஒன்றை எடுத்துக்கொண்டேன். இரும்புக் கம்பி வேண்டாம். பொறி பறக்காத மரமோ மூங்கிலோதான் நல்லது. குழலின் வாய்க்கு நேராக உள்ளங்கையோ முகமோ வராமல், பக்கவாட்டில் நின்று இரண்டு விரல் நுனியால் குச்சியை உள்ளே விட்டேன். இடிக்கக் கூடாது, தானாக வழுக்கிப் போய் நிற்க வேண்டும். நின்றதும் வாயின் விளிம்பில் குச்சியில் பென்சிலால் ஒரு கோடு. வெளியே எடுத்து, அந்தக் கோடு வாய் விளிம்போடு சேரும்படி குழலின் மேலே கிடத்திப் பார்க்க வேண்டும். குச்சி நுனி கூம்பின் அடி வரைக்கும், அல்லது ஊசித்துளை வரைக்கும் போனால் குழல் காலி.

எங்கள் குச்சி, கூம்பின் அடிக்குக் கட்டைவிரல் அகலத்துக்கு முன்னாலேயே நின்றது.

இன்னொரு தரம் பார்த்தேன். அதே இடம். டேப் வைத்து அளந்தால் 2.3 சென்டிமீட்டர் குறைந்தது. அந்த இடைவெளியில் குளவிக்கூடு இருக்கலாம். யாரோ திணித்த கந்தல் இருக்கலாம். சில குழல்களில் அடியறை குறுகலாக இருக்கும், அங்கேயும் குச்சி முன்னாலேயே நின்றுவிடும். காரணம் எதுவானாலும் முடிவு ஒன்றுதான்: மருந்து இருக்கிறது என்றே எடுத்துக்கொள்ள வேண்டும். மச்சான் நான்கு வயதில் இதை வைத்துக்கொண்டு திருடன் போலீஸ் விளையாடியது அவனுக்கே நன்றாக ஞாபகம் இருக்கிறது. அவன் முகம் வெளுத்தது.

பாய்க்குப் போன் செய்தேன். "கையை எடு முதல்ல. பையில போட்டுக்கிட்டு பஸ்ல ஏறி என்கிட்ட வந்துடாதே. ஸ்டேஷன்ல சொல்லு" என்றார். இரண்டாவது பேச்சு எனக்கு அப்போது புரியவில்லை. பழங்காலச் சாமான், இதற்குப் போய் போலீஸா?

சட்டம் இங்கேதான் நுழைகிறது, கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள். 1959-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி உரிமம் இல்லாமல் துப்பாக்கி வைத்திருப்பது குற்றம். 2019-இல் செய்த திருத்தத்துக்குப் பிறகு, சாதாரண வகைத் துப்பாக்கிக்கே குறைந்தது 2 வருடம், அதிகபட்சம் 5 வருடம் சிறை. ஆனால் அதே சட்டத்தின் 45-ஆவது பிரிவில் ஒரு விலக்கு உண்டு. வழக்கொழிந்த மாதிரியாகவோ, பழம்பொருள் மதிப்புள்ளதாகவோ, பழுதானதாகவோ இருந்து, பழுது பார்த்தோ பார்க்காமலோ துப்பாக்கியாகப் பயன்படுத்தவே முடியாத ஆயுதத்துக்கு இந்தச் சட்டம் பொருந்தாது என்கிறது அந்தப் பிரிவு. முழு எடையும் அந்த 'பயன்படுத்தவே முடியாத' என்ற இடத்தில்தான் இருக்கிறது. கண்ணாடிப் பெட்டியில் வைத்துப் பார்ப்பதாலேயே அது விலக்குப் பெற்ற பழம்பொருள் ஆகிவிடாது. பழுது பார்த்தால் சுடும் என்ற நிலையில் இருந்தாலே அந்த விலக்கு உங்களுக்குக் கிடையாது. அப்போது உங்கள் கையில் இருப்பது உரிமம் இல்லாத துப்பாக்கி. பையன் கேட்ட கேள்விக்குள்ளேயே வம்பு இருந்தது.

இன்னொன்று, பழசு என்று நாமே முத்திரை குத்திக்கொள்ளவும் முடியாது. உள்ளே மருந்து நிரப்பிய ஒன்றை 'அலங்காரம்' என்று யாரிடம் போய்ச் சொல்வது?

நாங்கள் செய்தது இது. மச்சான் கைப்பட ஒரு கடிதம் எழுதினான்: எந்த வீடு, எந்தத் தேதி, எந்தப் பெட்டி, யாருடையது, யார் யார் கூட இருந்தார்கள், உள்ளே ஏதோ இருப்பதாகச் சந்தேகம். கிடத்திய இடத்திலேயே போனில் நான்கு படம் எடுத்துக்கொண்டோம். அப்புறம் ஸ்டேஷனுக்குப் போன் செய்து, அவர்களை வீட்டுக்கு வரச் சொன்னோம். சட்டத்தின் 21-ஆவது பிரிவு இதற்கென்றே இருக்கிறது: வைத்திருக்க உரிமை இல்லாமல் போன ஆயுதத்தைத் தாமதமில்லாமல் பக்கத்துக் காவல் நிலையத்திலோ, விதிகளுக்கு உட்பட்டு உரிமம் பெற்ற வியாபாரியிடமோ ஒப்படைக்க வேண்டும். பின்னால் உரிமம் வந்தால் திரும்பப் பெறவும், இல்லாவிட்டால் உரிமை உள்ளவருக்கு விற்கவும் வழி உண்டு, அதற்கும் கெடு உண்டு. ரசீது வாங்காமல் மட்டும் வந்துவிடாதீர்கள். ஸ்டேஷன் மூலமாகவே எங்களுடையது பாயின் கடைக்குப் போய்ச் சேர்ந்தது.

மருந்தை அவர் எப்படி எடுத்தார் என்று எழுதப் போவதில்லை, அது நீங்கள் செய்ய வேண்டிய வேலை இல்லை. வெளியே வந்ததைச் சொல்கிறேன். பழுப்பேறிய துணிப் பொட்டு ஒன்று, வெள்ளை பூத்த ஈயக் குண்டு ஒன்று, அதற்குப் பின்னால் கட்டி தட்டிய கருமருந்து. அந்த மருந்தில் ஒரு சிட்டிகையை இரும்புத் தகட்டில் வைத்து நீளக் குச்சியால் தீ வைத்தார். 'புஸ்' என்று ஒரே மூச்சில் எரிந்து, வெள்ளைப் புகையும் அழுகிய முட்டை நாற்றமும் கிளம்பின. வெடியுப்பு, கந்தகம், கரி. நனையாமல் இருந்தால் இந்த மூன்றுக்கும் வயதாவதே இல்லை. அத்தை கூறைப்புடவைக்கு அந்துருண்டை போட்டு ஈரம் படாமல் காத்தாள் இல்லையா, புடவையோடு சேர்த்து இதையும் காத்திருக்கிறாள்.

சரி, காலியாகிவிட்டது. இனி, சுடும் நிலையில் இருக்கிறதா என்பதை எப்படிப் பார்ப்பது? உரிமம் உள்ளவர்களுக்கும், வெறும் ஆர்வம் உள்ளவர்களுக்கும் சேர்த்தே சொல்கிறேன்.

குழலின் அடிப்பக்கத்தில் முத்திரைகளைத் தேடுங்கள். லென்ஸ் வேண்டும். புளி போட்டுத் தேய்க்காதீர்கள், பித்தளைப் பாலீஷும் போடாதீர்கள். வடசென்னை அம்மாக்களின் கை பட்டு அழிந்த முத்திரைகள் எத்தனையோ என்று பாய் புலம்புவார். எங்களுடையதை நாங்கள் இங்கிலாந்துச் சாமான் என்று நினைத்திருந்தோம். லென்ஸில் பார்த்தால் ஒரு முட்டை வட்டத்துக்குள் ஈ, எல், ஜி என்ற எழுத்துகள், அடியில் ஒரு நட்சத்திரம். அது பெல்ஜியத்தின் லியேஜ் நகரச் சோதனைச் சாலையின் முத்திரை. 1893-இல் இருந்து அந்த வட்டத்தின் தலையில் ஒரு கிரீடமும் சேர்ந்தது. எங்களுடையதில் கிரீடம் இல்லை, ஆக அதற்கு முந்தியது. பர்மிங்ஹாம் சோதனைச் சாலை 1813-இல் வந்தது. அந்தக் காலத்து முத்திரையில் கிரீடத்துக்கு அடியில் இரண்டு செங்கோல்கள் குறுக்காக இருக்கும். பி. ஆர் அண்டு சன்ஸ் என்று மவுண்ட் ரோடு கடைப் பெயர் பொறித்த துப்பாக்கிகளும் உண்டு. அது விற்றவர் பெயர். குழலைச் சோதித்தவர் யார் என்பதை முத்திரைதான் சொல்லும்.

சோதனை முத்திரை என்றால், வழக்கத்தை விட அதிக மருந்து போட்டுச் சுட்டும் குழல் தாங்கியது என்று பொருள். ஆனால் தாங்கியது அந்த நாளில், புதுசாக இருந்தபோது. இன்னொன்றும் இருக்கிறது. 1890-களுக்கு முன் வந்தவை பெரும்பாலும் கருமருந்துக்கு மட்டுமே சோதிக்கப்பட்டவை. இன்றைய தோட்டாக்களில் இருக்கும் புகையில்லா மருந்தின் அழுத்தம் வேறு ரகம். இங்கிலாந்துச் சாமானில் அந்த மருந்துக்குச் சோதித்ததைக் காட்டும் நைட்ரோ என்ற சொல்லோ, அதைக் குறிக்கும் என்.பி. எழுத்துகளோ இல்லையென்றால், இன்றைய தோட்டாவை அதில் நினைத்தே பார்க்காதீர்கள். தோட்டா அறைக்குள் வழுக்கிக்கொண்டு போகிறது என்பதற்காக அது அந்தத் துப்பாக்கிக்குச் செய்த தோட்டா ஆகிவிடாது. மாமனார் செருப்பு என் காலுக்கும் நுழையும், நடந்தால்தான் தெரியும்.

அடுத்தது குழல். இங்கே எனக்குத் தெரிந்த வித்தை ஒன்று இருக்கிறது. டியூப் லைட்டுக்கு அடியில் நின்று, குழலின் நீளத்தில் அந்த வெளிச்சக் கோடு விழும்படி பிடியுங்கள். மெதுவாக உருட்டுங்கள். கோடு நூல் பிடித்த மாதிரி நேராகப் போனால் நல்லது. ஓரிடத்தில் பாம்பு போல நெளிந்தால் அங்கே குழல் உப்பியிருக்கிறது என்று பொருள். எப்போதோ அடைப்போடு சுட்டிருக்கிறார்கள். விரல் நுனிக்குத் தெரியாத உப்பல்கூட வெளிச்சத்துக்குத் தெரியும். ஒர்க்ஸில் பிஸ்டன் ராடை இப்படித்தான் முதல் பார்வை பார்ப்போம். பட்டைக் குழலானால் ஒவ்வொரு பட்டையாகப் பார்க்க வேண்டும்.

உள்ளே பார்க்க, அடிப்பக்கம் மூடிய குழலில் மெல்லிய பேனா டார்ச்சை நுழைக்கலாம். துணிச் சுருளைக் குச்சியில் சுற்றி இழுத்தால் எங்கே சிக்குகிறது என்பது கைக்குத் தெரியும். கருமருந்தின் கசடு ஈரத்தை உறிஞ்சும். சுட்டவுடன் கழுவாமல் வைத்தால் அடிப்பகுதியில் குழி குழியாக அரித்துவிடும். அழுத்தம் அதிகம் வருவதும் அந்த அடிப்பகுதியில்தான். காசிமேட்டுக் காற்றில் ஜன்னல் கம்பியே பத்து வருடம் தாங்குவதில்லை, நூறு வருடக் குழலின் அடி எப்படி இருக்கும்? எங்களுடையதில் துணி மூன்று இடத்தில் சிக்கிக் கிழிந்தது.

பிறகு குதிரை. காலி என்று உறுதியான பிறகு மட்டும், கட்டைவிரலைக் குதிரையின் மேலேயே வைத்துக்கொண்டு பாதி வரை இழுங்கள். ஒரு 'டிக்'. அந்த நிலையில் விசையை அழுத்தினாலும் குதிரை விழக் கூடாது. முழுதாக இழுத்தால் இன்னொரு 'டிக்'. அப்போது பின்னால் இருந்து கட்டைவிரலால் தள்ளினாலும் வழுக்கக் கூடாது. எங்களுடையது பாதியில் நிற்பது போல நின்று, விசையைத் தொட்டதும் என் கட்டைவிரல் மேல் சரிந்தது. உள்ளே இருக்கும் பல் மழுங்கியிருக்கிறது. சோதிப்பதாகச் சொல்லி வெறுமையாக அடிக்க விடாதீர்கள், கூம்பின் தலை நசுங்கும். கூம்பின் ஓட்டையும் ஊசி நுழையும் அளவுக்குத்தான் இருக்க வேண்டும். அகன்றிருந்தால் சுடும்போது நெருப்பு பின்னால் உங்கள் முகத்துக்கு வரும். பிடியின் கழுத்தில் மரம் விரிந்திருக்கிறதா என்றும் பாருங்கள். மற்ற திருகுகளைப் பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. யாரோ கையில் கிடைத்த டிரைவரால் திருகித் தலையைக் கெடுத்திருந்தால், உள்ளேயும் கைவைத்திருக்கிறார்கள் என்று ஊகிக்கலாம்.

குழலில் எங்காவது பித்தளை நிறத்தில் ஒட்டு வைத்த தடம் இருந்தால் அத்தோடு பார்ப்பதை நிறுத்தலாம்.

இத்தனையும் தேறினாலும், பார்வையால் 'வேண்டாம்' என்று மட்டும்தான் சொல்ல முடியும், 'சரி' என்று சொல்ல முடியாது. கண்ணுக்குத் தெரியாத மயிரிழை விரிசலைச் சாய மருந்து தடவிப் பார்க்கிற சோதனையோ காந்தச் சோதனையோ காட்டும். அதையும் துப்பாக்கித் தொழில் தெரிந்தவர்தான் படித்துச் சொல்ல வேண்டும்.

கயிறு கட்டித் தூரத்தில் இருந்து ஒரு தரம் சுட்டுப் பார்த்தால் போதாதா என்று பையன் கேட்டான். சட்டம் கிடக்கட்டும். நான் அப்ரண்டிஸாகச் சேர்ந்தபோது நீராவி எஞ்சின்கள் இன்னும் வந்துகொண்டிருந்தன. பாய்லருக்குள் இருக்கும் தாங்கு ஆணிகளை ஒவ்வொன்றாகச் சுத்தியலால் தட்டிக் கேட்பார்கள். நல்ல ஆணி 'ணங்' என்னும், முறிந்த ஆணி 'டொக்' என்னும். அழுத்தச் சோதனைக்கு நீராவி வைக்க மாட்டார்கள், தண்ணீர் நிரப்பித்தான் ஏற்றுவார்கள். தண்ணீர் சுருங்கி விரிவது சொற்பம், விட்டுக்கொடுத்தாலும் கசியுமே தவிர வெடிக்காது. சோதனைக்குப் பிறகு மறுபடி உள்ளே இறங்கிப் பார்ப்பார்கள், ஏனென்றால் தாங்கிய அந்தச் சோதனையிலேயே விரிசல் ஒரு நூல் வளர்ந்திருக்கலாம். கயிறு கட்டிச் சுட்டதில் குழல் பிழைத்தால், அடுத்த தரம் கையில் பிடிக்கும்போது பிழைக்குமா என்பதற்கு அதில் பதில் இல்லை.

உரிமத்தோடு தாத்தாவோ அப்பாவோ வைத்திருந்த துப்பாக்கி என்றால் உங்கள் வழி வேறு. 2016-ஆம் ஆண்டு ஆயுத விதிகளின்படி, உரிமம் வைத்திருந்தவர் இறந்த பிறகு வாரிசு விண்ணப்பிக்கலாம். அவர் உயிரோடு இருந்தாலும், 70 வயது ஆகியிருந்தாலோ 25 வருடம் வைத்திருந்தாலோ, தான் விரும்பும் வாரிசுக்கு மாற்றலாம். மற்ற வாரிசுகளின் ஆட்சேபணை இல்லை என்ற எழுத்து வேண்டும், வழக்கமாக அங்கேதான் இழுக்கும். பரம்பரையாக வந்தாலும் ஒருவருக்கு இரண்டுக்கு மேல் கூடாது. சென்னை மாநகரக் காவல் எல்லைக்குள் உரிமம் தருவது காவல் ஆணையர், வேப்பேரியில் அலுவலகம். காவல் ஆணையர் இல்லாத இடங்களில் மாவட்ட ஆட்சியர். 100 வருடம் தாண்டியது என்றால் 1972-ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டப்படி வெளிநாட்டுக்கு அனுப்பவும் முடியாது. துபாயில் இருக்கிற தம்பிக்குப் பார்சல் கட்டிவிடாதீர்கள்.

பாய் எங்களுக்குச் சொன்ன தீர்ப்பு ஒரு வரிதான்: "பார்க்க அழகு, சுட விறகு." மச்சான் குடும்பத்தில் மூன்று பங்கு. ஒருத்தர் காட்சிக்கு வைக்கலாம் என்கிறார், ஒருத்தர் கொடுத்துவிடலாம் என்கிறார், மூன்றாமவர் இன்னும் வாயைத் திறக்கவில்லை. துப்பாக்கி கடையிலேயே இருக்கிறது, ரசீது மச்சான் பீரோவில். டிரங்குப் பெட்டியை அத்தை புது வீட்டுக்கு எடுத்துப் போய் அரிசி கொட்டி வைத்திருக்கிறாள். கோடு போட்ட மூங்கில் குச்சியை மட்டும் பையன் கேட்டு வாங்கிக்கொண்டான்.